அஞ்சு வருஷத்து மாத்திரை

பனியன் கம்பெனியில செக்கிங்ல நிக்கிறேன். துணியில சின்ன ஓட்டைகூடக் கண்ணுக்குத் தப்பாது. மார்புல இருந்த வலியில்லாத கட்டியைத்தான் நாலு மாசம் யாருகிட்டயும் சொல்லலை.

ஆபரேஷன் முடிஞ்சுது. கட்டியைப் பரிசோதிச்சதுல, ஈஸ்ட்ரோஜென் ஹார்மோனால வளர்ற வகைப் புற்றுன்னு தெரிஞ்சுது. அந்த ஹார்மோன் புற்றுச் செல்லுல போய் ஒட்டாம தடுக்கிற தமாக்சிஃபென் மாத்திரை கொடுத்தாங்க. எனக்குத் தினம் ஒண்ணு, அஞ்சு வருஷம்.

திடீர் திடீர்னு உடம்பு கொதிக்கும். அயர்ன் மேசைப் பக்கம் நிக்கவே முடியலைங்க. வீட்டுக்குத் தெரியாம பத்து நாள் மாத்திரையை நிறுத்திட்டேன். டாக்டரம்மா திட்டலை. "தொந்தரவைச் சொல்லுங்க, வழி பார்க்கலாம். நீங்களா நிறுத்தாதீங்க"ன்னாங்க.

இப்போ ஃபேன் பக்கமா இடம் கேட்டு வாங்கிட்டேன். குழுக் கூட்டத்துல பொருளாளர் அக்கா பாஸ்புக்கோட மாத்திரை அட்டையையும் வாங்கி எண்ணிப் பார்க்கிறாங்க. இன்னும் மூணு வருஷம் இருக்குங்க.