கண் எழுதும் நாள் வரை
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

தஞ்சை ஓவியம் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். அதன் வரலாற்றை எடுத்துரைக்கும் புலமையுடையோர் இவ்வவையிலேயே உள்ளனர். மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி (1798-1832) காலத்தில் அக்கலை செழித்தது என்பதோடு வரலாற்றை நிறுத்திக்கொண்டு, தாய்மையின் முதல் ஆண்டில் அது எனக்கு எவ்வாறு துணை நின்றது என்பதை மட்டும் கூற விழைகின்றேன்.

பிள்ளைத்தமிழ் காப்புப் பருவத்தில் தொடங்குகிறது. குழந்தையின் மூன்றாம் திங்கள் அதற்குரியது என்பது மரபு. ஐந்தில் செங்கீரை, ஏழில் தால். முதல் இரண்டு திங்கள்களுக்குப் பாட்டில்லை. ஏன் இல்லை என்று தமிழ் படித்த காலத்தில் நான் கேட்டதில்லை. என் மகள் பிறந்த பின்னரே அவ்விடைவெளி எத்தகையது என்று அறிந்தேன். இரவு பகல் என்ற வேறுபாடு அற்றுப்போயிற்று. குழந்தை அழுதால் எனக்கும் அழுகை வந்தது. அவள் உறங்கும்போதும் எனக்கு உறக்கமில்லை. காண வந்தோரெல்லாம் "எவ்வளவு மகிழ்ச்சி!" என்றனர். அந்த மகிழ்ச்சியை என்னுள் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பெற்ற தாய் இதனை எவரிடம் சொல்வாள்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மகப்பேற்றுக்குப் பின் தோன்றும் மனக்கலக்கம் பெரும்பாலும் இரண்டு வாரங்களில் தானே தணியும். தணியாது நீடிப்பின் அது நோய், மருத்துவரிடம் செல்லவேண்டும். நானும் சென்றேன். ஓவியமே என்னைக் குணப்படுத்தியது என்று கூறினால் அது பொய். நோயை மருத்துவம் பார்த்துக்கொண்டது. நாள்களைக் கடத்தும் வழியைத்தான் ஓவியம் காட்டிற்று.

ஐந்தாம் மாதத்தில், அடுத்த தெருவில் ஓவியம் கற்பித்துவந்த அம்மையார் ஒருவரிடம் என் தாயார் என்னை அழைத்துச் சென்றார். அவர் தவழும் கண்ணன் படத்தை எடுத்து வைத்தார். பிள்ளைப் படம் வேண்டாமே என்றேன். "தொடங்குகிறவர்களுக்குக் கண்ணன்தான் எளிது அம்மா, உடம்பெல்லாம் உருண்டை" என்று சிரித்தார்.

பலகையின்மேல் துணியை ஒட்டி, சீமைச்சுண்ணாம்புத் தூளைப் பசையில் குழைத்துப் பூச வேண்டும். காய்ந்தபின் மீண்டும் பூசி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். தூள் பறக்குமாதலால் குழந்தை இருக்கும் அறையில் இது ஆகாது. கொல்லைத் தாழ்வாரத்தில் அமர்ந்து தேய்த்தேன். பின்னர் உருவத்தை வரைந்து, கற்களைப் பதித்து, மக்கு எனும் குழைவால் அணிகலன்களையும் தூண்களையும் புடைப்பாக எழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டி, வண்ணம் தீட்டுவர்.

ஒவ்வொரு நிலையிலும் காய்வதற்குக் காத்திருக்க வேண்டும். அங்கேதான் எனக்கு ஆறுதல் கிடைத்தது. அந்நாளில் இடையில் விட்ட வேலையெல்லாம் கெட்டுப்போயின. நூலை எடுத்தால் விட்ட வரி மறந்துபோகும். அடுப்பில் வைத்தது குழைந்துபோகும். இந்தப் பலகையோ, விட்டுச் செல் என்றே சொல்லிற்று. குழந்தை அழுதால் எழுந்து போவேன். திரும்பி வரும்போது பூச்சு காய்ந்திருக்கும். அவள் அழைப்பு, வேலையைக் கெடுக்கும் இடையூறாக இராமல் வேலையின் ஒரு பகுதியாயிற்று.

எல்லாம் இப்படி இசைந்துவரவில்லை. மக்கு பொறுமையற்றது, குழைத்துவிட்டு எழுந்து போனால் இறுகிவிடும். எத்தனை கிண்ணம் வீணாயிற்று என்பதை என் தாயார் இன்றும் நினைவுபடுத்துவார். தங்க ரேக்கு ஒட்டும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மகள் விழித்துக்கொள்வாள். ஆகவே மார்கழி வரும்வரை பொறுத்திருந்து, விசிறி தேவைப்படாத விடியற்பொழுதுகளில் தங்கம் ஒட்டினேன்.

இப்போது கோடு வரைந்து, கல்லும் பதித்த ஆயத்தப் பலகைகள் கடைகளில் கிடைக்கின்றன. வாங்குவோரைக் குறை கூறவில்லை. ஆனால் அந்தத் தேய்ப்பையும் காத்திருப்பையும் நீக்கிவிட்டால், எனக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி போய்விடும்.

தஞ்சைப் படங்களில் நடுநாயகமான உருவமே பெரிது. யசோதையின் மடியில் இருக்கும்போதும் கண்ணன் பலகையை நிறைத்திருப்பான். சுற்றி நிற்போர் சிறியவர்கள். அளவறியாது வரைந்தனர் என்று முன்பு எண்ணியதுண்டு. பிள்ளை பிறந்த வீட்டிலிருந்து பார்த்தால் அளவு சரியாகவே இருக்கிறது.

கண்ணை இறுதியில்தான் எழுதுவர். அந்த நாள் வந்தபோது மகளுக்குப் பதினொரு மாதம். அவள் உறங்கும் நேரம் பார்த்துச் சென்றிருந்தேன், அவள் உறங்கவில்லை. ஆசிரியை அவளைத் தம் இடுப்பில் வாங்கிக்கொண்டு, "நீ எழுது" என்றார். வலக்கண் நன்றாக வந்தது. இடக்கண்ணை எழுதும்போது அவள் என்னைக் கூப்பிட்டாள். முதன்முறையாக "அம்மா" என்றே கூப்பிட்டாள். தூரிகை சற்றே தாழ்ந்துவிட்டது. திருத்தித் தருவதாக ஆசிரியை சொன்னார்; வேண்டாமென்றேன். படம் எங்கள் கூடத்தில் அப்படியேதான் இருக்கிறது. பார்ப்பவர்கள் பிழையை உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.