உப்பளத்துப் பிள்ளையும் தகுதிப் பேச்சும்



மரக்காணம் உப்பளத்தில் வெயில் ஏறுமுன் உப்பு வாரியாக வேண்டும். விடியுமுன் தாயும் தகப்பனும் பாத்தியில் இறங்கினால் வீட்டில் அடுப்பு எரிவதெப்படி? வெறும் வயிற்றோடு போன பிள்ளைக்குப் பாடம் ஏறாது. உடனே, "இதற்குப் படிப்பு வராது" என்பார்கள். பட்டினியால் வந்த குறையைப் பிறவிக் குறை என்பது என்ன நியாயம்?

1953-ல் இராஜாஜி மந்திரிசபை, அரைநேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தது. 1954-ல் காமராசர் ஆட்சியில் அது ஒழிந்தது. ஒழியாதிருந்தால் நம் பிள்ளைகள் பாத்தியைத் தாண்டியிருப்பார்களா?

ஆகையால் பள்ளியில் போடும் சோறு பிச்சையல்ல. படிப்பில் அதுவும் ஒரு பகுதி என்கிறோம். 1920-ல் தியாகராயர் தலைமையில் சென்னை நகரசபை ஆயிரம்விளக்குப் பள்ளியில் அதைத் தொடங்கிற்று. 1956-ல் மதிய உணவு மாகாணமெங்கும் பரவிற்று. 2022-ல் ஐந்தாம் வகுப்பு வரை காலைச் சிற்றுண்டி வந்தது. ஆறாம் வகுப்புக்கு ஏறினால் பசி போய்விடுமா?

வயிறு நிறைந்தாலும் மனம் நோகக்கூடாது. 2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவனை, உடன் படித்தவர்களே சாதிவெறியால் வீடு புகுந்து வெட்டினார்கள். பள்ளிப் பெயரில் சாதி கூடாது, கையில் சாதிக் கயிறு கூடாது என்று நீதிபதி சந்துரு குழு 2024-ல் சொல்லிற்று. கயிறு கட்டிவிடுவது யார்? பெற்றோராகிய நாமல்லவா?

தாய்மார்களே! பள்ளி மேலாண்மைக் குழுவில் உங்களுக்கு இடமுண்டு. போய்க் கேளுங்கள்: எந்தப் பிள்ளை பசித்திருந்தது? எது ஒதுக்கி வைக்கப்பட்டது? பின்தங்கியதற்கு யார் தனியே சொல்லிக்கொடுத்தார்கள்? இவற்றுக்குப் பதில் வந்தபிறகு தகுதியைப்பற்றிப் பேசட்டும்.