ஆளுக்கொரு ரூபாய்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



தலைமை என்றவுடன் மேடையும் மாலையுமே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால், விடியற்காலையில் பாற்பாத்திரத்துடன் வரிசையில் நிற்கும் குடியானவரின் நம்பிக்கையைப் பெறுவதே தலைமை என வாழ்ந்து காட்டிய ஒரு பெரியவரைப் பற்றி இன்று நாம் சிந்திப்போம். குஜராத்தில், அன்று கேடா ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஆனந்த் என்னும் ஊரில் 1903ஆம் ஆண்டு பிறந்த திரிபுவனதாஸ் பட்டேல் அவர்களே அப்பெரியவர். காந்தியடிகளையும் சர்தார் வல்லபாய் பட்டேலையும் பின்பற்றிய அவர், 1930, 1935, 1942 ஆகிய ஆண்டுகளில் சிறை சென்றார்.

அந்நாளில் கேடா விவசாயிகளின் நிலை யாது? 1945இல் பம்பாய் மாகாண சர்க்கார் நகரத்திற்குப் பால் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. சுமார் 400 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஆனந்திலிருந்து பால் அனுப்பும் உரிமை போல்சன் என்ற தனியார் கம்பெனிக்குக் கிட்டியது. எருமையை வளர்த்தவர் ஒருவர். இலாபம் கண்டவர் வேறொருவர். நெல்லாயின் விலை ஏறும்வரை குதிரில் வைத்துக் காத்திருக்கலாம். பால் காத்திராது. காலையில் கறந்ததை அன்றே விற்காவிடில் கெட்டுவிடும். ஆகவே, கொடுத்த விலையை வாங்கிக்கொள்ள வேண்டியவராயினர் விவசாயிகள்.

அவர்கள் சர்தாரிடம் முறையிட்டனர். பாலைச் சேகரிப்பதும் பதப்படுத்துவதும் விற்பதும் உற்பத்தியாளரின் சொந்தக் கூட்டுறவின் கையில் இருக்க வேண்டும். அதற்காகச் சிறிது காலம் நஷ்டமடையவும் சித்தமாயிருக்க வேண்டும் என்பதே அவர் கூறிய யோசனையின் சாரம். 1946 ஜனவரியில் சாமர்கா கிராமத்தில், மொரார்ஜி தேசாய் முன்னிலையில் விவசாயிகள் கூடி, ஊர்தோறும் சங்கம் அமைப்பதென முடிவு செய்தனர். சர்க்கார் இணங்காமற்போகவே, கம்பெனிக்குப் பால் கொடுப்பதில்லை என 15 நாட்கள் உறுதியாய் நின்றனர். அன்றாடப் பால் காசைக் கொண்டு அடுப்பெரிக்கும் குடும்பத்திற்கு 15 நாட்கள் எத்துணை நீண்டவை என்பதை நாம் அறிவோம். ஒரு வீடு தளர்ந்திருப்பினும் ஊரே தளர்ந்திருக்கும். அவர்கள் தளரவில்லை, முடிவில் கோரிக்கை ஏற்கப்பட்டது.

1946 டிசம்பர் 14ஆம் நாள் கேடா ஜில்லாக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம் பதிவாயிற்று. திரிபுவனதாஸ் அதன் தலைவரானார். தொடக்கத்தில் இருந்தவை இரண்டே கிராமச் சங்கங்கள். நாளொன்றுக்குச் சேர்ந்த பால் சுமார் 250 லிட்டர். அவர் கிராமம் கிராமமாகச் சென்று மக்களிடம் பேசிச் சங்கங்களை வளர்த்தார்.

அச்சங்கங்களின் முறை எளியது. காலையும் மாலையும் உறுப்பினர் எதிரிலேயே பால் அளக்கப்படும். கொழுப்புச் சத்து சோதிக்கப்படும். தரத்திற்கேற்ற பணம் தாமதமின்றிக் கொடுக்கப்படும். ஓர் எருமை உடையவருக்கும் பத்து எருமை உடையவருக்கும் வாக்கு ஒன்றே. வரிசையில் முன்வந்தவர் முன்னே நிற்பார். அங்கே சாதி கேட்கப்படுவதில்லை.

நேர்மையுடன் அறிவும் வேண்டும் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். சென்னை லயோலாக் கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்ற வர்கீஸ் குரியன், 1949இல் ஆனந்தில் சர்க்கார் பணிக்கு வந்தார். அவ்விளைஞரின் திறமையைக் கண்டு, சங்கத்திலேயே தங்கும்படி இசைவித்தவர் திரிபுவனதாஸ். பழைய யந்திரங்களை நம்பிப் பயனில்லை எனக் குரியன் கூறியபோது, கடன் வாங்கிப் புதிய யந்திரம் வாங்கினார். நிர்வாகத்தை வல்லுநரிடம் விட்டு, அதில் வீணாகத் தலையிடாமல், அவருக்கும் விவசாயிகளுக்கும் இடையே பாலமாக நின்றார். 1955 அக்டோபர் 31இல் பிரதமர் நேரு அங்கே புதிய பாற்பண்ணைத் தொழிற்சாலையைத் திறந்து வைத்தார். ‘அமுல்’ என்று நாடறிந்த பெயர் இச்சங்கத்தினுடையதே. 1963இல் மகசேசே விருது திரிபுவனதாசுக்கும் குரியனுக்கும் தாரா குரோடிக்கும் கூட்டாக வழங்கப்பட்டது.

எல்லாவற்றினும் நம் உள்ளத்தைத் தொடுவது அவர் விடைபெற்ற விதமே. 1970களின் தொடக்கத்தில் அவர் தாமாகவே தலைவர் பதவியைத் துறந்தார். உறுப்பினர்கள் ஆளுக்கொரு ரூபாயாகச் சேர்த்து ஆறு லட்சம் ரூபாய் அளித்தனர். அதனை அவர் தம் வீட்டிற்குக் கொண்டு செல்லவில்லை. அதைக் கொண்டே கிராமத் தாய்மார், குழந்தைகளின் நலனுக்காக ஓர் அறக்கட்டளையை நிறுவினார். 1994இல் அவர் மறைந்தார். அவரின்றியும் சங்கம் நடக்கிறது. அதுவே அவர் தலைமைக்குச் சான்று.

நண்பர்களே! இன்று ஊர் திரும்பியதும் நம் பால் சங்கத்திற்குச் செல்வோம். அளவு உறுப்பினர் கண்முன் நடைபெறுகிறதா? பணம் உரிய நாளில் கிடைக்கிறதா? கணக்கு பொதுக்கூட்டத்தில் படிக்கப்படுகிறதா? எருமையைக் கறக்கும் பெண்ணின் பெயர் உறுப்பினர் ஏட்டில் உள்ளதா? இக்கேள்விகளை நாம் முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோம். பதவி விட்டிறங்கும் நாளில் ஊரார் மனமுவந்து ஆளுக்கொரு ரூபாய் நீட்டுவார்களா என்பதே நம் ஒவ்வொருவர் தலைமைக்கும் உரைகல்லாகும்.