உத்தியோகமும் நாய் வளர்ப்பும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

   

தமிழ்ச் சங்க மேடையில் நாயைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். நம் முன்னோர் அவ்வாறு எண்ணியதில்லை. நாலடியார் யானையையும் நாயையும் ஒப்பிட்டு, நட்புக்கு உரியது நாயின் குணமே என்று தீர்ப்புக் கூறுகிறது. தருமபுத்திரர் தம்முடன் வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்தார் என்கிறது பாரதம். பைரவர் சந்நிதியில் நாயை வாகனமாகக் கண்டு கைகூப்புகிறோம். இவ்வளவும் செய்கின்ற நாம், நம் வீட்டு வாசலில் கட்டிக் கிடக்கும் நாய் காலை முதல் இரவு வரை பொழுதை எவ்வாறு கழிக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அதைப் பற்றியே இன்று பேசத் துணிந்தேன்.

வரதய்யபாளையத்தில் வந்து குடியேறிய நாம் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். 2008-ஆம் ஆண்டில் ஸ்ரீசிட்டி தொடங்கிய பின் தொழிற்சாலை வேலைக்காக வந்தவர்கள் பலர். என்னைப் போல ரயில் நிலையத்துக்கு நாள்தோறும் போய் வருபவர்கள் சிலர். கணவன் இரவு ஷிப்டு, மனைவி பகல் ஷிப்டு என்று வாழும் குடும்பங்களும் உண்டு. திருட்டுப் பயத்தாலும் பாம்புப் பயத்தாலும் பல வீடுகளில் நாய் வளர்க்கிறோம். ஆனால் பகல் முழுவதும் சங்கிலியில் கிடந்து குரைக்கும் நாயால் இரவு வேலை முடித்து வந்தவருக்கு உறக்கமில்லை. தெருவில் விளையாடும் குழந்தைகளின் தாய்மார்களுக்கு நிம்மதியில்லை. "காலனியில் நாயே வேண்டா" என்று ஒரு சாராரும், "எங்கள் வீடு, எங்கள் நாய்" என்று மற்றொரு சாராரும் வழக்காடுவதைக் கேட்கிறோம். இரு சாராருக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றே: குற்றம் நாயிடத்தில் இல்லை, உத்தியோகத்திடத்திலும் இல்லை. நாயின் பொழுதுக்கு யார் பொறுப்பு என்று வீட்டில் முடிவு செய்யாததே குறை.

ஜப்பான் நாட்டில் ஹாச்சிகோ என்றொரு நாய் இருந்தது. டோக்கியோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் உவேனோ என்பவர் அதை வளர்த்தார். அவர் வேலை முடிந்து திரும்பும் வேளையில் அது ஷிபுயா ரயில் நிலையத்தில் காத்திருக்கும். 1925-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் வேலைக்குச் சென்ற இடத்திலேயே மாண்டார். ஆயினும் 1935-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தான் இறக்கும் வரையில் அந்த நாய் நிலையத்துக்கு வந்துகொண்டே இருந்தது. அது உயிரோடிருக்கும்போதே, 1934-இல், அதற்கு அங்கே சிலை வைத்தார்கள். நாயின் விசுவாசத்தை எல்லோரும் புகழ்கின்றனர். ரயில்வேக்காரனாகிய எனக்கு இதில் வேறொன்றும் தோன்றுகிறது. பேராசிரியர் உத்தியோகத்தில் இருந்தவர்தாம். பகலெல்லாம் நாயுடன் இருந்தவர் அல்லர். இன்ன வேளைக்குத் திரும்புவார் என்று நாய் நம்பும்படி நடந்துகொண்டார். நாய்க்கு வேண்டியது நம் இருபத்துநான்கு மணி நேரமும் அன்று. தவறாத சில மணி நேரமே.

இது வெறும் தயையைப் பொறுத்த காரியமும் அன்று, சட்டமும் ஆகும். மதுரையில் பிறந்து, கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார், 1952-இல் ராஜ்ய சபை உறுப்பினராக நியமிக்கப்பட்டபின், வாயில்லா ஜீவன்களுக்காக மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அம்முயற்சியின் பயனாகவே 1960-ஆம் ஆண்டில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அதன் 11-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். மிகக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது குற்றம். வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாயை உலாவச் செய்யாமல் விடுவதும் அதன் சொந்தக்காரர் செய்யும் குற்றம். முதற் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அந்தத் தொகைக்கு அஞ்சி எவரும் நாயை உலாவ அழைத்துச் செல்லப் போவதில்லை. மனச்சாட்சிக்கு அஞ்சியே செல்ல வேண்டும்.

வேலைக்குப் போகிறவர் இதை எவ்வாறு நிறைவேற்றுவது? ரயில்வேயில் ஒரு முறை உண்டு. டியூட்டி நேரம் முடிந்தது என்பதற்காக ஒருவர் எழுந்து போய்விட முடியாது. மாற்று ஆள் வந்து, பொறுப்பை ஏற்றுக் கையெழுத்திட்ட பின்னரே நாற்காலியை விட்டு எழலாம். இம்முறையைத்தான் என் வீட்டில் நாய்க்கும் வைத்திருக்கிறோம். சமையலறைக் காலண்டரில் வாரம் முழுமைக்கும் எழுதியிருக்கும். விடியற்காலை உலா அரை மணி, மாலை உலா அரை மணி. எனக்கு இரவு டியூட்டி உள்ள வாரம் விடியற்காலை உலா மகனுடையது, மாலை என்னுடையது. சோறு போடுவது என் மனைவி. தண்ணீர்ச் சட்டி கழுவுவது மகள். வீட்டில் ஒருவரும் இல்லாத பகற்பொழுதில் அடுத்த வீட்டுத் தெலுங்கு அம்மையார் தண்ணீர் வைத்து, சற்று நேரம் அவிழ்த்து நடத்துவார். அவர்கள் ஊருக்குப் போகும் நாட்களில் அவர்கள் பசுவுக்கு நாங்கள் தீவனம் வைப்போம். எங்கள் நாய் 'வா' என்றாலும் வருகிறது. 'ரா' என்றாலும் வருகிறது!

நாயைக் கொண்டுவரும் முன்பே சிந்திக்க வேண்டியவையும் உண்டு. குட்டிக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை ஆள் வேண்டும். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் குட்டி வளர்ப்பது அதற்குத் துன்பம். வளர்ந்த நாய் ஆறேழு மணி நேரம் தனியே இருக்கும். அதற்கு மேல் சிறுநீரை அடக்கி வைக்கச் சொல்வது கொடுமை. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி முதலியன நம் நாட்டுப் பெருமைகள். 2005-இல் இராஜபாளையம் நாய்க்குத் தபால் தலையே வெளியிட்டார்கள். ஆனால் அவை வேட்டைக்கு ஓடிப் பழகிய இனங்கள். இரண்டு அறை வீட்டுத் திண்ணையில் பெருமைக்காக அவற்றைக் கட்டிப் போடலாகாது. நம் பக்கத்துச் சாதாரண நாட்டு நாய், குறைந்த தீனியில், இவ்வூர் வெயிலுக்கு ஏற்ப வாழக்கூடியது. அதற்கும் நிழல் வேண்டும். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாயோ பெரும்பாலும் நாக்கை நீட்டி இரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ்க் கட்டிவிட்டு ஷிப்டுக்குச் செல்வது ஆபத்தாகும்.

இனித் தாய்மார்களின் பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயமே. வெறிநோயின் குறிகள் தோன்றிவிட்டால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஆனால் அது தடுக்கக்கூடிய நோய். 1885-இல் பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் கடிபட்ட சிறுவனுக்கு ஊசி போட்டு வழிகாட்டினார். 1907-இல் நம் குன்னூரிலேயே அவர் பெயரால் நிலையம் ஏற்பட்டது. தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலத்தைப் பெரியோர்கள் நினைவுகூர்வீர்கள். அந்தப் பழைய மருந்து 2004-க்குப் பின் நம் நாட்டில் இல்லை. இப்போது கையிலேயே போடுகிறார்கள். நாய் கடித்தால் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டு காலம் கழிக்கலாகாது. நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி. பிறகு மருத்துவர் சொல்லும்படி ஆண்டுதோறும் ஊசி. ஆண்டில் நமக்குள்ள லீவு நாட்களில் அரை நாளை இதற்கென ஒதுக்கினால் காலனிக் குழந்தைகள் அனைவரையும் காத்தவர்கள் ஆவோம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது நாயை என்ன செய்வது என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். ஸ்லீப்பரிலும், ஏ.சி. இரண்டடுக்கு, மூன்றடுக்குப் பெட்டிகளிலும் நாய்க்கு அனுமதி இல்லை. முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் தமக்கே பதிவு செய்தவர்கள் உடன் அழைத்துச் செல்லலாம். மற்றவர்கள் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து, பிரேக் வேனிலுள்ள நாய்ப் பெட்டியில் ஏற்ற வேண்டும். இருட்டும் இரைச்சலும் நிறைந்த அந்தப் பெட்டியைவிட, பழகிய அண்டை வீட்டாரிடம் நாலு நாள் ஒப்படைத்துச் செல்வதே மேல் என்பது என் கருத்து. ஆனால் வாசலில் கட்டி, ஒரு குண்டான் சோற்றை வைத்துவிட்டுப் போவது ஒருபோதும் கூடாது.

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, காலனியில் உள்ள நாய்களுக்கும் ஊசி போட்ட தேதிகளுக்கும் சங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள். அன்று ஊசி முகாம் நடத்திக் கொடுக்குமாறு கால்நடை மருத்துவரை வேண்டுவோம். இரண்டு, வெவ்வேறு ஷிப்டில் உள்ள குடும்பங்கள் ஒன்றுக்கொன்று மாற்று ஆளாக நிற்போம். இதில் தமிழர், தெலுங்கர் என்ற வேற்றுமை வேண்டா. மூன்று, நாயைக் கொண்டுவர விரும்பும் குடும்பம் முதலில் உட்கார்ந்து, யார் எந்த வேளைக்குப் பொறுப்பு என்று தாளில் எழுதட்டும். தாளில் வெற்றிடம் மிகுந்தால் நாயைக் கொண்டுவரும் நாளைத் தள்ளிப் போடட்டும்.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். அதை நிமிர்த்த வேண்டிய தேவையும் இல்லை. நம் வேளைகளை ஒழுங்கு செய்துகொண்டால் நாயும் வாழும். அண்டை அயலாரும் நிம்மதியாக உறங்குவர். 

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!