முட்டுக்கட்டையின் பெருமை

தேர்த் திருவிழாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்போர் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இடும் சிலருடைய வேலை. நாமோ நற்காரியத்தைத் தடுப்பவனை, ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்று ஏசுகிறோம். இன்று அந்த முட்டுக்கட்டையின் சார்பில் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர், வேகத்துக்கென்றே செய்யப்பட்ட காரில் என்னைக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு அழைத்துச் சென்றார். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. கச்சிராயபாளையம் நோக்கி இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தார். பாதி வழியில் கருகல் நாற்றம் எழுந்தது. மிதித்த கால் மெத்தென்று உள்ளே போயிற்று. நல்ல வேளையாகக் கியரைக் குறைத்து, ஓரமாக நிறுத்திவிட்டார். வெகுநேரம் ஆறவிட்டு, மெல்ல ஊர் வந்து சேர்ந்தோம்.

கள்ளக்குறிச்சியில் ஒரு பட்டறைக்காரர் சக்கரத்தைக் கழற்றி, ‘டிஸ்க்’ என்னும் இரும்புத் தட்டின் தடிப்பை அளந்தார். இதற்குக் கீழே தேயலாகாது என்று தட்டிலேயே பொறித்திருந்த அளவையும் தாண்டி அது தேய்ந்திருந்தது.

இதில் என்ன ஆபத்து என்கிறீர்களா? ஓடும் வண்டியின் ஆற்றல் பிரேக் பிடித்ததும் மறைந்து போவதில்லை. வெப்பமாக மாறித் தட்டில் புகுகிறது. வேகம் இரு மடங்கானால் அவ்வாற்றல் நான்கு மடங்காகும். மலையிறக்கமோ இன்னும் கடுமையானது. 600 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கை மட்டுமே நம்பி இறங்குவதாகக் கொள்வோம். காற்றின் தடை முதலியவற்றை நீக்கிப் பார்த்தால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரை 15 முறை நிறுத்தும்போது பிறக்கும் வெப்பம் அப்போது பிறக்கும். காரின் எடை எதுவாயினும் இக்கணக்கு மாறாது. நீங்களே போட்டுப் பாருங்கள். மெலிந்த தட்டு விரைவில் கொதிப்பேறும். தட்டைப் பற்றும் பட்டைகள் பிடிப்பை இழக்கும். பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதிப்பது வீணாகும்.

புதிய தட்டு வாங்கும்போது நண்பர் துளையிட்ட தட்டையே விரும்பினார். பந்தயக் கார் போன்ற தோற்றம் அதற்கு உண்டு. பட்டறைக்காரர் பொறுமையாக விளக்கினார். பழைய நாளில் பட்டைகளிலிருந்து எழுந்த வாயு வெளியேறத் துளைகள் உதவின. ஆனால் துளையிட்டால் வெப்பத்தை ஏற்கும் இரும்பு குறைகிறது. கடும் வெப்பத்தில் துளையின் விளிம்பிலிருந்து வெடிப்புத் தொடங்கவும் கூடும். வரிப்பள்ளம் வெட்டிய தட்டு பட்டையின் முகத்தைத் துப்புரவாக வைக்கும். ஆயினும் பட்டை விரைவில் தேயும். கார்பன் செராமிக் தட்டு எடை குறைந்தது, வெப்பம் தாங்குவது. விலையோ மிக அதிகம்.

முடிவில், கார் செய்தவர்கள் விதித்த அதே அளவில், இரு முகங்களுக்கும் நடுவே காற்றோடும் வழியுள்ள, துளையற்ற வார்ப்பிரும்புத் தட்டையே வாங்கினோம். ஓர் அச்சின் இரு தட்டுகளையும் சேர்த்தே மாற்றினார். பட்டைகளையும் புதிதாக இட்டார். காற்றுவழி வளைந்த தட்டுகளில் இடம் வலம் மாறலாகாது என்றும் சொன்னார். புதுத் தட்டும் பட்டையும் ஒன்றோடொன்று படியும் வரை, சில நாள் திடீரென்று அழுத்தி மிதிக்காமல் ஓட்டும்படி எச்சரித்தார்.

நிறுத்தும் கருவி வேகத்துக்குப் பகையன்று. 1953-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் கார் வென்றது. டிஸ்க் பிரேக் அவ்வெற்றிக்குப் பெருந்துணையாயிற்று. நம்பி நிறுத்த முடிந்ததால், வளைவை நெருங்கும் வரை வேகத்தைக் குறைக்காமல் ஓட்ட முடிந்தது.

பின்னர் ஒருமுறை அதே மலைக்குப் போனோம். ஏறிய கியரிலேயே இறங்கும் பழைய ஓட்டுநர் விதியை நண்பர் கைக்கொண்டார். எஞ்சினே பாதிச் சுமையைத் தாங்கிற்று. கருகல் நாற்றம் எழவில்லை. நீங்களும் ஒருநாள் வண்டி வாங்குவீர்கள். அது எவ்வளவு வேகமாக ஓடும் என்று கேட்குமுன், எத்தனை முறை தவறாமல் நிற்கும் என்று கேளுங்கள்.