உறைபனியில் டீசல் வண்டி



நம் தோட்டங்களில் விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் டீசல் வண்டி உறுமிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறது. அமெரிக்காவின் வடகோடியான அலாஸ்காவில் அப்படியல்ல. அங்கே ஃபேர்பேங்க்ஸ் என்னும் ஊரில், கடுங்குளிர் நாள்களில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 40 டிகிரிக்கு இறங்கிவிடும். மீனை உறையவைக்கும் ஐஸ்பெட்டியில் இருப்பதே சுழியத்துக்குக் கீழே 18 டிகிரிதான். அந்தக் குளிரில் நடுவழியில் பிக்கப் வண்டி நின்றுபோனால், உள்ளே இருப்பவர் உயிருக்கே ஆபத்து.

ஏன் நிற்கிறது? டீசலில் மெழுகு கரைந்திருக்கிறது. குளிரக் குளிர அந்த மெழுகு சிறு துகள்களாகத் திரண்டு, பில்டரை அடைத்துக்கொள்ளும். தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் இஞ்சின் பட்டினி கிடக்கும். சமையலுக்கு வாங்கிய செம்பனை எண்ணெயை ஐஸ்பெட்டியில் வைத்துப் பாருங்கள். தெளிவாக இருந்தது கலங்கிக் கட்டிவிடும். அதே கதைதான். செம்பனை எண்ணெயிலிருந்து செய்யும் டீசல் ஏறத்தாழ 15 டிகிரியிலேயே கலங்கத் தொடங்குமாம். நாம் பாடுபட்டு விளைவிக்கும் பொருள்தான். ஆனாலும் அதை மட்டும் ஊற்றி அங்கே வண்டி ஓட்ட முடியாது.

ஆகவே அங்குள்ளவர்கள் குளிர்காலத்துக்கென்று மண்ணெண்ணெயைப் போன்ற லேசான டீசலை ஊற்றுகிறார்கள். அதில் மெழுகு குறைவு. வண்டி ஓடும் தூரமும் சற்றுக் குறைவு. மெழுகு திரளாமலிருக்க மருந்தும் கலப்பதுண்டு. டீசல் கட்டியான பிறகு அதை ஊற்றிப் பெரிய பயனில்லை.

இன்னொன்று வேடிக்கையாக இருக்கும். வண்டியின் முன்பக்கத்தில் மின்சாரக் கம்பி ஒன்று வால்போல் தொங்கும். இரவில் அதைச் சுவரிலுள்ள மின்சாரத்தில் மாட்டிவிடுவார்கள். இஞ்சினுக்குள் இருக்கும் சூடேற்றி, நம் வீட்டுக் கெட்டில்போல, தண்ணீரை வெதுவெதுப்பாக வைத்திருக்கும். கார் நிறுத்துமிடங்களில்கூட இதற்கென்று மின்கம்பங்கள் உண்டு.

பேட்டரி விஷயம் பொல்லாதது. குளிரில் அதன் சக்தி குன்றும். அதே வேளையில் இஞ்சின் எண்ணெய் பாகாய் இறுகுவதால் சுழற்றக் கூடுதல் சக்தி வேண்டும். அதனால் பெரிய டீசல் பிக்கப் பலவற்றில் இரண்டு பேட்டரி.

அவசரத்தில் தொட்டியின் கீழே நெருப்பு மூட்டுவது மடமை. மூடிய கொட்டகைக்குள் இஞ்சினை ஓடவிட்டால் புகையிலுள்ள நச்சுவாயு ஆளைக் கொல்லும். அதற்கு மணமும் இல்லை. வழியில் அகப்பட்டுக்கொண்டவர் வண்டியை விட்டு நடக்கக் கூடாது. புகைக்குழாயைப் பனி மூடாமல் அடிக்கடி வழித்துவிட வேண்டும். அனுபவமுள்ள ஓட்டுநர்கள் கம்பளி, உணவு, மண்வெட்டி இல்லாமல் புறப்படுவதில்லை. தொட்டியையும் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை.