வானத்திலிருந்து விழுந்த வீடு



ஸ்கைலாப் என்று சொன்னால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சட்டென்று நிமிர்ந்து பார்ப்பார்கள். 1973 மே 14ஆம் நாள் அமெரிக்கா விண்ணில் ஏவிய ஆய்வுக்கூடம் அது. எடை ஏறத்தாழ 77 டன். மும்மூன்று பேராக மூன்று குழுவினர் அங்கே போய்த் தங்கினர். கடைசிக் குழு 84 நாள் இருந்துவிட்டு 1974 பிப்ரவரியில் திரும்பியது. அதன்பின் ஆளில்லாத வீடாக அது சுற்றிக்கொண்டிருந்தது.

விண்வெளி ஓடம் ஒன்றை அனுப்பி அதை இன்னும் மேலே தள்ளிவிடலாம் என்பது திட்டம். ஓடமோ 1981இல்தான் பறந்தது. அதற்குள் சூரியனில் கொந்தளிப்பு மிகுந்து, பூமியின் மேல்காற்று சூடேறி, அடுப்பிலே பால் பொங்குவதுபோல உயர்ந்துவிட்டது. அந்தக் காற்றில் உராய்ந்து உராய்ந்து ஸ்கைலாப் கீழே இறங்கத் தொடங்கிற்று.

எங்கே விழும்? விஞ்ஞானிகளுக்கே சரியாகத் தெரியவில்லை. உலகத்தில் யாராவது ஒருவர்மேல் துண்டு படும் வாய்ப்பு 152இல் ஒன்று என்றார்கள். குறிப்பிட்ட ஒருவர்மேல், அதாவது உங்கள்மேலோ என்மேலோ, படும் வாய்ப்பு 60,000 கோடியில் ஒன்று. இரண்டுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்! ஆனால் அச்சம் முதல் கணக்கைத்தான் பிடித்துக்கொண்டது. படிக்காதவர்கள் பயந்தார்கள் என்று சிரிப்பது நியாயமில்லை. ஓலைக்கூரையின்கீழ் பிள்ளைகளோடு படுத்திருப்பவனுக்கு இந்த இரண்டாவது கணக்கை யார் போய்ச் சொன்னார்கள்? தெலங்கானா கிராமம் ஒன்றின் பீதியைக் கதையாக்கி 2021இல் ‘ஸ்கைலாப்’ என்றொரு தெலுங்குப் படமே வந்தது.

அமெரிக்காவிலோ அதுவே வியாபாரம். குறிவட்டம் அச்சிட்ட சட்டைகளும் தலைக்கவசங்களும் விற்றன. சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்று, முதல் துண்டைக் கொண்டுவருபவருக்கு 10,000 டாலர் என்று அறிவித்தது.

1979 ஜூலை 12, நள்ளிரவு தாண்டிய நேரம். மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்பரன்ஸ் என்னும் ஊர்ப்பக்கம் வானம் எரிந்தது, இடியோசை கேட்டது. யாருக்கும் காயமில்லை. 17 வயதுப் பையன் ஒருவன் கருகிய துண்டுகளை எடுத்துக்கொண்டு விமானமேறிப் போய்ப் பரிசை வாங்கிவிட்டான். ஊர் மன்றமோ, குப்பை போட்டதற்காக அமெரிக்காவின் நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது! வேடிக்கைக்காகத்தான். ஆனாலும் 2009இல் ஓர் அமெரிக்க வானொலி அறிவிப்பாளர் தம் நேயர்களிடம் திரட்டி அதைக் கட்டினார்.

பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில், மோட்டார் சைக்கிளின் இருபுறமும் பலகை நீட்டிக் கட்டி, நாலைந்து பேரை உட்காரவைத்து மேட்டுப்பாதையில் ஓட்டிப்போவார்கள். சிறகு விரித்தாற்போன்ற அந்த வண்டிக்கு அங்கே பெயர் ஸ்கைலாப்.